முதல் ‘வேட்டைத் துப்பாக்கி’ வாங்கப் போறீங்களா? திருப்பூர் இளைஞர்கள் பணம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனி இளைஞர்களின் முதல் வேலை, செல்போனில் எதை வாங்கலாம் எனத் தேடுவதுதான். பைக், ஹெட்போன், ஷூ என ஓடும் விளம்பரங்களுக்கு நடுவே சில நேரம் ஒரு ஏர்கன் விளம்பரமும் வந்து நிற்கும். ‘லைசென்ஸ் தேவையில்லை, வீட்டுக்கே டெலிவரி’ என்ற வரி அதில் பெரிதாக இருக்கும். இன்னொரு பக்கம், ‘இளைஞர்களுக்கு ஏற்ற முதல் வேட்டை ரைபிள் எது?’ என்று விளக்கும் அமெரிக்க, கனடா வீடியோக்களும் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, ‘நாமளும் ஒண்ணு வாங்கி, ஞாயித்துக்கிழமை காட்டுப் பக்கம் முயலோ கவுதாரியோ அடிக்கலாமே’ என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. ஏன்னா, இந்தியாவில் துப்பாக்கி வாங்க வழி இருக்கு. வேட்டைக்குத்தான் வழி இல்லை.

அப்படின்னா துப்பாக்கி ஆசை உள்ள இளைஞர் என்ன செய்யலாம்? எதை வாங்கலாம், எதை வாங்கினால் ஜெயில்? விரிவாகப் பார்க்கலாம்.

வேட்டைக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு காலத்தில் கிடைத்தது என்பது உண்மை. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட, பெரிய விலங்கு, சிறிய விலங்கு எனப் பிரித்து வேட்டை லைசென்ஸ் கொடுக்கும் பிரிவுகள் அதில் இருந்தன. 1991-ல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த வழியை மொத்தமாக அடைத்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு சொல்வது ஒன்றுதான்: அட்டவணையில் உள்ள எந்தக் காட்டு உயிரினத்தையும் யாரும் வேட்டையாடக் கூடாது.

‘தாத்தா காலத்துல எல்லாரும் போனாங்களே’ என்ற பேச்சு கிராமங்களில் இன்னும் உண்டு. தாத்தா போனது உண்மையாக இருக்கலாம். பேரன் போனால் வழக்கு. கோயில் திருவிழாவை ஒட்டிய முயல் வேட்டைக்கும் சட்டத்தில் விலக்கு கிடையாது. விஜயதசமி அன்று கொங்குக் கோயில்களில் வாழை மரத்தில் அம்பு விடும் அம்பு சேர்வை வெறும் சடங்கு, அதில் எந்த உயிரும் போவதில்லை. அதனால் அதற்குச் சிக்கலும் இல்லை.

‘வேட்டை’ என்றால் சட்டத்தில் என்ன அர்த்தம்?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. சுட்டுக் கொன்றால் மட்டும்தான் வேட்டை என்று நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் கீழே உள்ள எல்லாமே வேட்டைதான்:

• கொல்வது, காயப்படுத்துவது
• வலை, கண்ணி வைத்துப் பிடிப்பது
• விஷம் வைப்பது
• கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது
• மேலே சொன்னவற்றில் எதையாவது செய்ய முயற்சிப்பது

கடைசி வரியைக் கவனிக்கணும். குறி தவறி, கொக்கு பறந்து போய்விட்டாலும் சுட்டவர் தப்ப முடியாது. முயற்சி செய்ததே குற்றம்தான்.

காட்டு முயல், கவுதாரி, காடை, கொக்கு, காட்டுப்பன்றி எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருப்பவை. மயிலும் உடும்பும் அதைவிடக் கடுமையான முதல் அட்டவணையில் உள்ளன. சோளக் காட்டில் மயில் மேய்வதைப் பார்த்து எரிச்சலில் பெல்லட் விட்டாலும், சட்டம் அதை எரிச்சலாகப் பார்க்காது.

தண்டனை எவ்வளவு?

2022-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி,

• பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
• முதல் அட்டவணை உயிரினம் என்றாலோ, சரணாலயம் அல்லது தேசியப் பூங்காவுக்குள் வேட்டை என்றாலோ, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.
• வனத்துறை அதிகாரி சமரசக் கட்டணம் வாங்கி முடிக்கக்கூடிய குற்றங்களில், அந்தத் தொகை 5 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

இதோடு முடியவில்லை. குற்றத்துக்குப் பயன்படுத்திப் பறிமுதல் செய்யப்படும் ஆயுதமும் வாகனமும் அரசின் சொத்தாகிவிடும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. அதாவது, போனஸில் வாங்கிய ஏர்கன் மட்டும் இல்லை, தவணை கட்டிக்கொண்டிருக்கும் பைக்கும் போகும். வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பதில் இருந்து வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பு வரை எல்லாமே இழுபறிதான்.

ஸ்டேட்டஸில் போட்ட போட்டோ, குரூப்பில் பகிர்ந்த வீடியோ எல்லாம் விசாரணையில் ஆதாரமாக வந்து நிற்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திருப்பூருக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?

திருப்பூர் என்றால் கட்டிங், டையிங், ஸ்டிச்சிங் என்று தொழில் முகம்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் மாவட்டத்தின் தெற்கு எல்லையில் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. வடக்கே, நகரத்தை ஒட்டி, சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் குளம், 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து வரை இங்கே வந்து இறங்குகிறது.

இது துப்பாக்கி வாங்குபவரை எப்படிப் பாதிக்கும்? வன உயிரினச் சட்டத்தின் 34-வது பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அந்த எல்லைக்குள் புதிதாக ஆயுத லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். ஏற்கெனவே ஆயுதம் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. திருப்பூர் நகரத்தின் கணிசமான பகுதி இந்த 10 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

குளத்துக்குள்ளேயே போய்ப் பறவையைச் சுட்டால், அது ‘சரணாலயத்துக்குள் வேட்டை’. அதாவது குறைந்தபட்ச தண்டனையே 3 ஆண்டு.

‘எங்க தோட்டத்தையே பன்றி அழிக்குது, அதுக்குமா கூடாது?’

நியாயமான கேள்வி. மக்காச்சோளம், நிலக்கடலை போட்ட விவசாயிக்கு ஒரே ராத்திரியில் மொத்த விளைச்சலும் போகும் வலி சின்னது இல்லை. சட்டமும் இதைப் பார்க்காமல் இல்லை. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தாக மாறிய விலங்கைக் கட்டுப்படுத்த, 11-வது பிரிவின்கீழ் வனத்துறை அதிகாரி எழுத்துப்பூர்வமாக உத்தரவிடலாம்.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு என்றே ஒரு நடைமுறையை அறிவித்தது. அதில் காப்புக்காட்டில் இருந்து உள்ள தூரம்தான் கணக்கு:

• 1 கிலோமீட்டர் வரை: பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது.
• 1 முதல் 3 கிலோமீட்டர் வரை: பிடித்துக் காட்டுக்குள் விடலாம்.
• 3 கிலோமீட்டருக்கு அப்பால்: சுடலாம். ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான், தோட்டத்துக்காரர் இல்லை.

எல்லை தாண்டிய கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிட முடியும். அதைப் பார்த்துவிட்டு, ‘பாலக்காட்டுல பண்றாங்க, இங்க பண்ணா என்ன?’ என்று இறங்கினால், கேரள உத்தரவு உடுமலையில் செல்லாது.

அதைவிட ஆபத்து, அவுட்டுக்காய். பன்றிக்கு வைக்கும் இந்த நாட்டு வெடியைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து இறந்திருக்கின்றன. மாடும் நாயும்கூட மாட்டும். இது வன உயிரினச் சட்டத்தோடு வெடிபொருள் சட்டத்திலும் சிக்க வைக்கும்.

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இன்னொரு பிரச்னை, பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறும் தெருநாய்கள். நாய் காட்டு விலங்கு இல்லைதான். அதுக்காக ஏர்கன் தூக்கிடலாமா? கூடாது. விலங்கைக் கொன்று சேதம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆடு இறந்தால், வருவாய்த் துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு நிவாரணம் கேட்பதுதான் கைகொடுக்கும் வழி.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தருவாங்களே?

தரலாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே, பயிர்ப் பாதுகாப்புக்காக, குழாயின் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் பெறலாம் என்று உள்ளது. ஆனால் அந்த லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பதற்கான அனுமதிதான். விலங்கைக் கொல்வதற்கான அனுமதி இல்லை. இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு அலுவலகம்.

லைசென்ஸுக்கான அடிப்படை விவரங்கள்:

• விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.
• திருப்பூர் மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரும் லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகள்.
• போலீஸ் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று கேட்கப்படும்.
• 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும்.

லைசென்ஸ் இல்லாமல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால்? சுட வேண்டாம், வீட்டில் இருந்தாலே போதும். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அதைச் செய்து கொடுத்தவருக்கும் விற்றவருக்கும் 7 ஆண்டில் இருந்து ஆயுள் வரை.

அப்போ வெளிநாட்டு வீடியோவில் சொல்வதெல்லாம்?

அந்த நாட்டுக்கு அது சரி. கனடாவில் வேட்டைக்குப் போக நினைப்பவர் முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கி, அதன்பிறகு வேட்டை அனுமதி பெற வேண்டும். அங்குள்ள தமிழ் இளைஞருக்கும் அதே விதிதான். முயல், அணில் போன்ற சின்ன விலங்குக்கு 0.22 ரைபிள், மானுக்கு 0.243 என்று அங்கே பரிந்துரைப்பதற்குக் காரணம், அவற்றின் உதைப்பு குறைவு. தோளில் பலமாக உதைக்கும் துப்பாக்கியைப் பிடித்த புதியவர், அடுத்த முறை குதிரையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வார். குறி போய்விடும்.

இங்கே 0.22 ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். ஆனாலும் அந்த வீடியோக்களில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: முதல் துப்பாக்கி பெரிசா இருக்கணும்னு அவசியம் இல்லை, பிடிப்பவரின் உடம்புக்குப் பொருந்தணும். இந்தப் பாடம், இந்தியாவில் இளைஞர்கள் சட்டப்படி தொடங்கக்கூடிய ஏர் ரைபிளுக்கும் அப்படியே பொருந்தும்.

எந்த ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை?

2016 ஆயுத விதிகளில் இரண்டு எல்லைகள் உள்ளன. இரண்டுக்குள்ளும் இருந்தால்தான் லைசென்ஸ் வேண்டாம்:

• குழாயின் உள்விட்டம் 0.177 இன்ச், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.
• குழாய் வாயில் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகக் கூடாது.

ஆன்லைனில் ‘0.22 ஏர் ரைபிள்’ என்று பார்த்தால், அது 5.5 மில்லிமீட்டர். ‘ஏர்கன்தானே’ என்று வாங்கினால், அது லைசென்ஸ் தேவைப்படும் ஆயுதம்.

இரண்டாவது எல்லையைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். பெல்லட்டின் எடையை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தால் பெருக்கி, 2-ஆல் வகுக்க வேண்டும்.

உதாரணமாக, விளம்பரத்தில் ‘விநாடிக்கு 1,000 அடி வேகம்’ என்று இருக்கிறது. அது சுமார் 305 மீட்டர். சாதாரண பெல்லட்டின் எடை அரை கிராம், அதாவது 0.0005 கிலோ. 305-ஐ 305-ஆல் பெருக்கி, அதை 0.0005-ஆல் பெருக்கி, 2-ஆல் வகுத்தால் சுமார் 23 ஜூல் வருகிறது. எல்லை தாண்டிவிட்டது!

அதே பெல்லட் 900 அடி வேகத்தில், அதாவது 274 மீட்டரில் போனால், கிட்டத்தட்ட 19 ஜூல். எல்லைக்குள் இருக்கிறது. ஆக, ‘அதிக வேகம்’ என்ற பெருமைதான் வாங்குபவரை மாட்டிவிடும் வரி. எடை குறைந்த பெல்லட்டைப் போட்டு அந்த வேகத்தைக் காட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், ஆற்றல் எத்தனை ஜூல் என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பில்லில் மாடல் பெயர், உள்விட்டம், வரிசை எண் மூன்றும் இருக்கணும்.

வாங்கிய பிறகு ஸ்பிரிங்கை மாற்றி ‘பவர் ஏத்தித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால், வேண்டாம். 20 ஜூலைத் தாண்டிய நிமிடத்தில் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம் ஆகிவிடும்.

ஒலிம்பிக் போட்டிக்கே இவ்வளவு பவர் வேண்டாம்!

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பெல்லட் போகும் வேகம் விநாடிக்கு சுமார் 170 மீட்டர்தான். ஆற்றல் 7 ஜூலை ஒட்டி இருக்கும். லைசென்ஸ் எல்லையில் பாதிகூட இல்லை. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டனில் வெண்கலம் வென்றதும் இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் களமிறங்கியதும் இதே பிரிவில்தான்.

குறிப்பலகையின் நடுவில் உள்ள 10 புள்ளி வட்டம் எவ்வளவு பெரிசு தெரியுமா? அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி. 10 மீட்டர் தூரத்தில் இருந்து அதை 60 முறை குறிவைக்க வேண்டும். 20 அடியில் உட்கார்ந்திருக்கும் புறாவை அடிப்பது இதோடு ஒப்பிட்டால் ஒரு திறமையே இல்லை.

எதைப் பார்த்து வாங்கணும்?

நீளம்: ரைபிளின் பின்கட்டை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துப் பிடிக்கும்போது, ஆட்காட்டி விரல் குதிரையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் அது உங்களுக்கு நீளம். வளரும் வயது என்றால் பின்கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பது நல்லது.

எடை: போட்டி விதிப்படி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஆனால் 15, 16 வயதில் தொடங்குபவருக்கு அது அதிகம். 5 நிமிடம் தோளில் வைத்துப் பார்த்து, கை நடுங்கினால் குறைந்த எடைக்குப் போகணும்.

இயங்கும் முறை: குழாயை மடக்கிச் சுமை ஏற்றும் ஸ்பிரிங் ரைபிள் விலை குறைவு, பராமரிப்பும் எளிது. மடக்குவதற்கு நல்ல பலம் வேண்டும். பாதியில் கைநழுவினால் விரல் நசுங்கும். காற்றழுத்த சிலிண்டர் உள்ள ரைபிளில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, குறி துல்லியம். ஆனால் சிலிண்டர் நிரப்ப வசதி வேண்டும். விலையும் அதிகம், வெளிநாட்டுப் போட்டி ரைபிள்கள் லட்சங்களில்தான்.

குறிகாட்டி: தொடக்கத்தில் டெலஸ்கோப் வேண்டாம். ஸ்பிரிங் ரைபிளின் இருபக்க அதிர்வில் சாதாரண டெலஸ்கோப் சீக்கிரம் கெட்டுவிடும். திறந்த குறிகாட்டியில் பழகிவிட்டு, பிறகு துளைக் குறிகாட்டிக்கு மாறலாம்.

கண்: எந்தக் கண் ஆதிக்கக் கண் என்று முதலில் தெரிஞ்சுக்கணும். இரண்டு கைகளையும் நீட்டி, நடுவே சிறிய முக்கோண இடைவெளி விட்டு, தூரத்துப் பொருள் ஒன்றை அதன் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடும்போது, எந்தக் கண்ணுக்குப் பொருள் நகராமல் அப்படியே தெரிகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால், பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெல்லட்: 10 மீட்டர் பயிற்சிக்குத் தட்டைத் தலை பெல்லட்தான் சரி. காகிதத்தில் வட்டமாகத் துளை விழும், புள்ளி எண்ண எளிது. அது ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

வீட்டிலேயே பழகலாமா?

ஏர் ரைபிள் பெல்லட், தடுக்க எதுவும் இல்லை என்றால் 300 மீட்டருக்கு மேல்கூடப் போகும். வரிசை வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் திருப்பூர் சந்துகளில், 300 மீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை ஜன்னல், எத்தனை குழந்தைகள் என்று யோசித்தாலே பதில் தெரியும். கண்ணில் பட்டால் பார்வை போகும். உயிர்ப் பலியும் நடந்திருக்கிறது. மொட்டை மாடியில் வைத்து ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவது கூடவே கூடாது.

சொந்த நிலத்தில், பின்னால் உயரமான மண்மேடோ முழுச் சுவரோ இருந்தால், அதற்கு முன் ஒரு தடுப்புப் பெட்டி செய்து வைக்கலாம். அதற்கான பொருளுக்குத் திருப்பூரில் பஞ்சமே இல்லை. கனமான மரப் பெட்டியின் பின்பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து, உள்ளே பனியன் கட்டிங் வேஸ்ட்டை நன்றாக அமுக்கி அடைத்தால், பெல்லட் துணியிலேயே நின்றுவிடும். வெறும் இரும்புத் தகட்டையோ, கல்லையோ, பாட்டிலையோ குறியாக வைத்தால் பெல்லட் திரும்பி வரும்.

எங்கே பழகினாலும் மாறாத விதிகள் இவை:

• ரைபிளில் எப்போதும் பெல்லட் இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும்.
• விளையாட்டுக்குக்கூட யாரையும் நோக்கி நீட்டக் கூடாது.
• குறி பார்த்து முடிக்கும் வரை விரல் குதிரைக்கு வெளியே.
• குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே சுட வேண்டும்.
• பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.
• வீட்டில் ரைபிள் ஒரு பூட்டிலும், பெல்லட் இன்னொரு பூட்டிலும்.
• வெளியே எடுத்துப் போனால் உறைக்குள், பெல்லட் ஏற்றாமல். பில்லும் கிளப் அட்டையும் கையில்.

துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள்

இந்தியாவின் பறவை மனிதர் என்று அழைக்கப்படும் சலீம் அலியின் கதையும் ஒரு ஏர்கன்னில்தான் தொடங்குகிறது. சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கப் பறவைகளின் பின்னால் அலைய வைத்தது. அவர் பெயரில் இயங்கும் பறவையியல் ஆய்வு மையம் திருப்பூருக்குப் பக்கத்தில், கோவை ஆனைகட்டியில்தான் இருக்கிறது.

வேட்டை வாழ்க்கையோடு கலந்த அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ‘ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம்’ தொடங்கப்பட்டது. வற்புறுத்தல் இல்லாமல், 2,000-க்கும் மேற்பட்ட ஏர்கன்களை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்துவிட்டதை அந்த ஊர்க்காரர்களே உணர்ந்ததுதான் காரணம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

கேள்வி: காட்டுப்பன்றி நேராகப் பாய்ந்து வந்தால் என்ன செய்வது?
பதில்: உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தில் செய்தது குற்றம் ஆகாது என்று 11-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நேரத்தில் ஏற்கெனவே சட்டத்தை மீறிய செயலில் இருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வேட்டைக்குப் போன இடத்தில் பாய்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. செத்த விலங்கும் அரசுக்குத்தான் சொந்தம்.

கேள்வி: நண்பர் சுட்டார், கூடப் போனது மட்டும்தான். வழக்கு வருமா?
பதில்: வரலாம். வேட்டைக்கு உதவுவதும் குற்றம்தான். கறியை வாங்கிச் சாப்பிட்டவரும் விசாரணைக்குள் வருவார்.

கேள்வி: 21 வயது ஆகவில்லை. துப்பாக்கி சுடுதல் கற்றுக்கொள்ளவே முடியாதா?
பதில்: முடியும். பயிற்சிக்காக, மேற்பார்வையில் பயன்படுத்த ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவில் இடம் உள்ளது. பெற்றோர் சம்மதத்தோடு கிளப்பில் சேர்வதுதான் வழி. விற்பனையாளர்களும் வழக்கமாக 18 வயது நிறைந்ததற்கான அடையாளச் சான்று கேட்பார்கள்.

கேள்வி: முதலில் கடைக்குப் போகணுமா, கிளப்புக்கா?
பதில்: கிளப்புக்கு. தமிழ்நாடு துப்பாக்கி சுடும் சங்கத்துடன் இணைந்ததா என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும். பல கிளப்புகளில் பழகுவதற்கு ரைபிள் அங்கேயே கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் அதில் சுட்டுப் பார்த்தால், எந்த எடை, எந்த நீளம் தனக்குச் சரிவரும் என்பது தானாகவே புரிந்துவிடும். ஆர்வம் அதுக்குள்ளேயே அடங்கிவிட்டால், போனஸ் பணமாவது மிச்சம்.